லூக்குக்குப் போர்த்திய பொன்னாடை

சூடேறிய கம்பியை இழுத்துப் பிடித்து, ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பலகையிலிருந்து அன்னத்தின் கழுத்தை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள் சிவநேசம். கை ஓரிடத்தில் நின்றால் கம்பி குழி உருக்கிவிடும். அதனால் யார் கதைத்தாலும் நிமிரமாட்டாள். தம்பி விமலநாதன் பேஸ்மென்ட் படியில் நின்றபடியே சொன்னான்.

"அக்கா, கர்க்லாண்டில நடக்கிற கலியாணத்தில மேடையில வைச்சு உங்கட பேரைச் சொல்லுறன். வடிவா உடுத்திக்கொண்டு வாங்கோ."

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, கனடாவில் பிரெஞ்சு பேசும் ஒரு நகரம். முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்துவது சிவநேசத்தின் வேலை. மிச்ச நேரமெல்லாம் வில்லரேயில் இருந்த தன் வீட்டு பேஸ்மென்டில்தான். மணவறை வாடகைக்கு விடும் தொழில் விமலநாதனுடையது. அந்த மணவறையின் அன்னம், தூண், தாமரை எல்லாம் அவள் கைவேலை. மூன்று வருடமாக ஒருவரும் அவளிடம் வந்து நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. கலியாண அவசரத்தில் சனம் மறந்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்வாள். ஆனாலும் ஒருதரமாவது சபையில் தன் பெயரைக் கேட்க ஆசை. இருக்காதா?

வேலை இருந்ததால் முந்தின கலியாணங்களுக்கு அவள் போனதில்லை. இந்தக் கலியாணத்தன்று வேலையை இன்னொருத்தியோடு மாற்றிக்கொண்டு புதுச்சேலை கட்டிப் போனாள். தாலி கட்டி முடிந்ததும் விமலநாதன் மைக்கை எடுத்தான். மணமகள் சாருஜாவின் தாய் பொன்னாடையுடன் மேடையில் நின்றாள். சிவநேசம் கைப்பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினாள்.

"இந்த மணவறையைச் செதுக்கின பிரெஞ்சுக் கலைஞர், மிஸ்யூ லூக்."

லூக் விமலநாதனின் வான் ஓட்டுகிறவன். சாமான்களை ஏற்றி இறக்குவதோடு அவன் வேலை சரி. தமிழ் விளங்காமல், தன் பெயர் கேட்டதும் மேடைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு குனிந்தான். பொன்னாடை அவன் தோளில் விழுந்தது. பிரெஞ்சுக்காரருக்குக் கலை இரத்தத்திலேயே ஊறினது, எங்கட ஆக்களுக்கு இப்படி வராது என்று சாருஜாவின் தாய் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். எழும்பிய சிவநேசம், தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல் நடந்தாள்.

சாப்பாட்டு வாளிகள் அடுக்கியிருந்த பின்பக்கத்தில் தம்பியைப் பிடித்தாள்.

"எவ்வளவு காலமாச் சொல்லுறாய்?"

"முதல் கலியாணத்தில இருந்தே, அக்கா. ஒரு தமிழ்ப் பொம்பிளை வீட்டுக்கு அடியில இருந்து வெட்டினது எண்டா ஆர் எடுப்பினம்? பிரெஞ்சுக்காரன் எண்டா ஒரு கேள்வி இல்லை."

"அப்ப என்னை ஏன் உடுத்திக்கொண்டு வரச் சொன்னனி?"

"கடைசியா நன்றி சொல்லேக்க வரும். உதவி செய்த ஆக்களோட உங்கட பேரும் இருக்கு."

இதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமே இல்லை. சிவநேசத்துக்கு அதுதான் சுட்டது. அவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டவளே அவள்.

பொன்னாடையோடு வந்த லூக், இது எதற்கு என்று அவளைக் கேட்டான். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விசயத்தைச் சொன்னாள். அவன் முகம் சிவந்துபோயிற்று. தனக்கு ஒரு பூனைப் படம்கூடக் கீறத் தெரியாது என்று சொல்லி, பொன்னாடையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவன்மீது பிழையில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாங்கவில்லை. நன்றியுரைக்கும் நிற்கவில்லை.

மறுநாள் காலை விமலநாதனை வானோடு வரச்சொன்னாள். அவனுடைய பலகை, பசை, பெயின்ட் எல்லாவற்றையும் படியேற்றி வாசலில் வைத்திருந்தாள். செயின்ட்-மிஷேலில் ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியவீட்டுக்குத் தொடங்கியிருந்த இரண்டு மயில்களும் அவற்றோடு கிடந்தன.

"அக்கா, தோகை இன்னும் வெட்டேல்லையே."

"உன்ர கலைஞரிட்டைக் குடு."

வான் போனது. பேஸ்மென்டைக் கூட்டி அள்ளிக் குப்பையை வெளியில் வைத்தாள். பிறகு முதியோர் இல்லத்து வேலைக்குப் பஸ் ஏறினாள்.