சாமிக்கு விட்ட சேவல்

இதை எழுதப் பல வருடம் எனக்கு மனம் துணியவில்லை. போன வாரம் மருந்து கலக்காத கோழித்தீவனம் தேடிக் குன்னூரில் ஒரு கடைக்குப் போனேன். மூட்டையைப் பிரித்ததும் கம்பும் தவிடும் மணத்தன. அம்மா கோழிகளுக்குப் போட்ட அதே மணம்.

தேயிலை விலை விழுந்து எஸ்டேட் மூடிக்கிடந்த காலம் அது. ஆறு கோழிகளின் முட்டையை விற்றுத்தான் சாப்பிட்டோம். அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டுமென்று முனியப்பனுக்கு ஒரு சேவலை நேர்ந்திருந்தோம். நேர்ந்த சேவலைக் கட்டக்கூடாது என்று அம்மா அதை அவிழ்த்தே விட்டிருந்தாள். அதன் பின்னாலேயே கோழிகளும் தேயிலைக்குள் போய்ப் புழு கிளறின. மூடிய எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விஷம் கலந்த அரிசியைச் செடிக்கடியில் தூவினார். ஏழும் செத்தன.

“சாமிக்கு விட்ட சேவலுங்க. எப்படிங்க மனசு வந்துச்சு?” என்று அம்மா அழுதாள்.

“உங்க சாமி வந்து காவல் காக்கறதுதானே!” என்று மேஸ்திரி சிரித்தார்.

போன வாரம் அந்தக் கடையில் எனக்குத் தீவனம் அளக்க வந்தவர் அதே மேஸ்திரிதான். நான் யார் மகள் என்று சொன்னேன்.

“அதெல்லாம் இப்ப எதுக்குங்க? எத்தனை கிலோ போடட்டும்?”

வாங்காமல் வந்துவிட்டேன். முனியப்பன் சாட்சியாக நடந்தது இவ்வளவுதான். பிறருக்குச் சொல்கிறவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். அவர் வருந்தினார் என்று மட்டும் இரக்கப்பட்டுச் சேர்த்துவிடாதீர்கள்.