எதிரே வராத கார்

காரில் பொருத்திய கேமராவை வைத்து, சுற்றிலும் ஓடும் வண்டிகள் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகின்றன என்று கணிக்கும் மென்பொருள் எழுதுவது என் வேலை. "காருக்குக் கண்ணு வைக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்லப்போய், புதுக் கார் வாங்கிய என் மாமா அன்றே அதற்குச் சுற்றிப் போட்டுவிட்டார்.

சோதனைக்கு எங்கள் காரிலேயே முன்னும் பின்னும் கேமரா ஒட்டினேன். ஓமலூரிலிருந்து நாமக்கல்லுக்குப் புறப்பட்டோம். மனைவி ஓட்டினாள். நான் மடிக்கணினியோடு பின்சீட்டில், விஞ்ஞானி மாதிரி.

ராசிபுரம் பிரிவைத் தாண்டியதும் திரையில் சிவப்புக் கட்டம் துடித்தது. எங்கள் தடத்திலேயே ஒரு கார் எதிரே வருகிறதாம்!

"பிரேக்கு! பிரேக்கு போடு!" என்று அலறினேன்.

பதறிப்போய் மிதித்துவிட்டாள். பின்னால் டயர் தேயும் சத்தம். முட்டை லாரி ஒன்று எங்களை இடிக்க ஒரு முழம் இருக்கும்போது நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் ஒரு ரெக்கவரி வேன், பழுதான காரின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டி இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காரின் முகம் எங்களைப் பார்த்தபடியே தூரமாய்ப் போனது.

காரை ஓரம் கட்டினோம். லாரி டிரைவரும் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"ஏனுங்க, எதுக்குங்க நடுரோட்டுல இப்படி அமுத்துனீங்க? முட்ட ஒடஞ்சாப் போகுதுங்க, ஆளு ஒடஞ்சிருந்தா?"

மன்னிப்புக் கேட்டு, கேமரா கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க. பின்னால நான் வந்தது அதுக்குத் தெரியலீங்களா?"

தெரிந்திருந்தது. திரையின் மறுபாதியில் லாரியின் தூரம், வேகம் எல்லாம் சரியாகவே ஓடியிருந்தன. நான்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாக ரோட்டையும் பார்க்கவில்லை. மென்பொருள் செய்த தவறு ஒன்று, நான் செய்தது இரண்டு.

கேமரா எடுத்த காட்சியோடு ஒலியும் பதிவாகும் என்பது எனக்கு அலுவலகத்தில்தான் உறைத்தது. கூட்ட அறையில் என் அலறல் தெளிவாகக் கேட்டது. ஒருமுறை பார்த்தால் போதாதென்று திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள், ஆராய்ச்சிக்காகவாம். முகம் நம்மைப் பார்த்திருப்பதால் மட்டும் வண்டி நம்மை நோக்கி வருவதாகாது, படத்துக்குப் படம் அது பெரிதாகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று மென்பொருளைத் திருத்தினேன். இப்போது அது ஏமாறுவதில்லை.

மனைவியைத்தான் திருத்த முடியவில்லை. அடுத்த சோதனைக்குக் கூப்பிட்டபோது சாவியை என் கையில் கொடுத்தாள்.

"இந்தவாட்டி நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்து கத்தறேன்."