யாரோ அனுப்பிய பணம்

திருவண்ணாமலையில் நானும் மகளும் இருக்கிறோம். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. ரியாலுக்கு வங்கியைவிட ரேட் அதிகம் கிடைக்கிறதே என்று ஒருமுறை அங்குள்ள ஏஜென்ட் மூலம் பணம் அனுப்பினார். முன்பின் தெரியாத ஒருவர் பெயரிலிருந்து அது என் கணக்கில் ஏறியது.

மறுவாரம் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட முயன்றால், கணக்கு முடங்கியிருந்தது! வேங்கிக்காலில் உள்ள எங்கள் வங்கிக் கிளைக்கு ஓடினேன்.

"போன வாரம் உங்க கணக்குல வந்தது, யாரையோ ஏமாத்தி எடுத்த பணம்மா. வெளிமாநிலப் போலீஸ் கணக்கை நிறுத்தச் சொல்லியிருக்காங்க. அனுப்புனவரைத் தெரியுமா?" என்றார் மேலாளர்.

தெரியாது என்றேன். கணவரை அழைத்தேன். "ஏஜென்ட் போனே எடுக்க மாட்றான். என் காசை வெச்சுக்கிட்டு, திருட்டுப் பணத்தை உனக்கு அனுப்பிட்டான் போல" என்றார்.

வளையலை அடகு வைத்துக் கட்டணம் கட்டினேன். கணவரின் சம்பளச் சீட்டு, ஏஜென்ட்டுடன் நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் போலீசுக்குக் கொடுத்து, கணக்கு திறக்க நான்கு மாதமானது. அந்தத் தொகை திரும்பவில்லை.

இப்போது வங்கி வழியாகத்தான் அனுப்புகிறார். அனுப்பியவர் பெயர் அவருடையதுதானா என்று பார்க்காமல் நான் ஒரு ரூபாயும் எடுப்பதில்லை.