போட்டது போட்டபடி

வீட்டில் சின்னவள் என்றாலும், அண்ணனின் கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். எங்கோ தொலைவில் இருக்கும் அந்த இயந்திரங்கள் நெட்வொர்க்கில் போக்குக் காட்டினால், கன்சோல் என்னும் தனி இணைப்பு வழியாக உள்ளே போவாள். திறந்ததும் திரை கறுப்பாகத்தான் இருக்கும்; முன்னால் வந்தவர் எதை அடித்து வைத்திருந்தாலும் தெரியாது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை என்டர் தட்டுவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

அன்று காலையும் தட்டினாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வர் படுத்துவிட்டது.

அவளுக்கு முன்னால் நுழைந்த அண்ணன், சர்வரை நிறுத்தும் கட்டளையை அடித்துவிட்டு, என்டர் தட்டுவதற்குள் மனசு மாறி, அதை அழிக்காமலும் வெளியேறாமலும் டீ குடிக்கப் போயிருந்தான். திரையில் அவன் பெயர் பல்லிளித்தது. வெளியேறாமல் போனால் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும் என்று எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பாள்! காதில் வாங்கினால்தானே?

வாடிக்கையாளர்கள் போன்மேல் போன் போட்டார்கள். ஆபீஸே பார்த்துக்கொண்டிருக்க, "என்டர் தட்டினது யாரு? நீதானே?" என்று அண்ணன் எகிறினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சர்வரை எழுப்பினாள். கையோடு இன்னொரு காரியமும் செய்தாள்.

சாயங்காலம் அண்ணன் அவள் அறைக்கு வந்தான். "என் பாஸ்வேர்ட் எதுலயும் எடுக்கலையே?"

"எடுக்காது. கதவைச் சாத்தாம போற ஆளுக்குச் சாவி எதுக்கு?"

"நான் ஓனருடி!"

"ஓனர்தான். அதனாலதான் உன்ன மாதிரி எல்லார் முன்னாடியும் கேக்காம, தனியா சொல்றேன்."