முன்சீட்டில் தனசேகர்

பரத்தின் ஷேர் ஆட்டோவில் ஓட்டுநருக்கு இடப்பக்கம் ஓர் ஆள் ஒட்டிக்கொண்டு உட்காரலாம். கால் நீட்ட முடியாது. இன்ஜின் சூடு தொடையில் ஏறும். யாரும் விரும்பி உட்காராத அந்த இடத்தில் தனசேகர் தினமும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். பொன்னேரியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. போய் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அதே ஆட்டோவில் பழவேற்காட்டுக்குத் திரும்புவார்.

"பெர்சு, உனக்கு வேற வண்டியே கிடைக்கலியா?" என்றான் பரத், முதல் நாள்.

"ஏன், காசு குடுத்துதானே வரேன்? ஓட்டு. ரோட்டப் பாத்து ஓட்டு."

வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்தார். குரலை உயர்த்தவில்லை. கிரிக்கெட் வர்ணனை சொல்பவர்போல, பின்சீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும்.

"தோ, ஒரு கையால ஓட்டுறாரு. இன்னொரு கையில போனு. ஸ்கூல் வந்துச்சு, ஆரன் அடிக்கிறாரு, பிரேக்க மறந்துட்டாரு. இப்ப பஸ் பின்னாடி மூக்க உட்டுட்டாரு. நல்லா மோந்து பாரு நைனா, டீசலா பெட்ரோலான்னு."

பின்னால் நண்டுக் கூடைகளோடு இருந்த பெண்கள் சிரித்தார்கள். பரத்தின் காது மடல் சிவந்தது. அதைப் பார்க்கத்தான் தனசேகர் அந்தச் சீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. பரத்துக்கு இருபத்திரண்டு. இருவரும் கோட்டைக்குப்பம்.

வாலிபத்தில் தனசேகர் அண்ணனோடு ஏரியில் வலை போட்டவர். ஒருநாள் அண்ணன் எல்லார் எதிரிலும் அவர் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கினான். அன்றே படகைவிட்டு இறங்கி, ஓட்டுநர் உரிமம் எடுத்து, ஆட்டோ ஓட்டப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு செய்த காரியங்கள்தான் அவர் வாழ்க்கையில் நிலைத்தன. அண்ணன் செத்தபோது ஆட்டோவை வாசலில் நிறுத்தி, இறங்காமலே ஒரு தடவை ஆரன் அடித்துவிட்டுப் போனார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் மனைவி ஜமுனா அதை மறுப்பாள். இறங்கினார், ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை என்பாள்.

ஏரியில் நல்ல இடங்களில் வலை போட முறை உண்டு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று ஒருவன் போட்ட இடத்தில் நாளை அடுத்தவன். சண்டையில்லாமல் பிழைக்க ஊர் கண்டுபிடித்த வழி அது. ஷேர் ஆட்டோக்கள் வந்தபோது ஸ்டாண்டிலும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பாடு. தன் பாடு வரும்போது ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். ஊர் கொடுத்த பாட்டை ஊர்தான் பறிக்க முடியும். பறித்ததைத் திருப்பித் தருவதும் ஊர்தான்.

தனசேகரின் பாட்டை ஊர் பறித்தது கருவாட்டால்.

கோட்டைக்குப்பம் நெருங்கும் இடத்தில் சாலையின் பாதியில் கருவாடு காயும். காயும் இடத்தின் இரண்டு முனையிலும் கல் வைத்திருப்பார்கள். கல்லைக் கண்டால் வண்டிகள் வலப்பக்கம் ஒதுங்கிப் போகவேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் வெளியூர் லாரிக்காரன்கூட மீறமாட்டான். அன்று தனசேகர் கல்லைக் கண்டார், வலப்பக்கம் ஒடித்தார். அதே நொடியில் பரத் அவரை வலப்பக்கமாக முந்திக்கொண்டிருந்தான். தனசேகரின் ஆட்டோ சாய்ந்தது. அதில் இருந்த மார்கரெட்டுக்கு வலக்கை முறிந்தது. சேற்றில் கையை விட்டுத் துழாவி நண்டு பிடிப்பவள் அவள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது.

வலை சீர்பார்க்கும் வலைக்கூடத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது.

"கல்லு கிட்ட ஒதுங்கறது ஊர் வழக்கம். அங்க இவன் ஏன் முந்துனான்?" என்று கேட்டார் தனசேகர்.

"நான் ஆரன் அடிச்சேன். பக்கத்துல வந்துட்டேன். திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றான் பரத். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "பெர்சுக்குக் கண்ணு போச்சு. இன்னும் இதுகிட்ட வண்டியக் குடுத்தா ஊர்ல பொணம்தான் விழும்."

இது என்றான். இவரு என்றுகூடச் சொல்லவில்லை. சிலர் சிரித்தார்கள். ஊர்த் தலைவர் தருமலிங்கம் சிரிக்கவில்லை, ஆனால் தலையாட்டினார். வயதைச் சொன்னால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. தனசேகரின் பாடு பரத்துக்குப் போனது. இரண்டு பாடு கிடைத்ததும் அவன் இரண்டு மடங்கு வேகமாக ஓட்டினான்.

தனசேகரின் ஆட்டோ வீட்டின் பக்கத்தில் தார்ப்பாய் மூடி நின்றது. சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. தன் பாடு திரும்ப வரவேண்டும். அதைவிட முக்கியம், அதே வலைக்கூடத்தில் அந்தப் பயல் தலைகுனிந்து நிற்கவேண்டும்.

"உனக்கு இன்னா, வேற வேலையே இல்லியா? டெய்லி காசு குடுத்து அவன் வண்டியிலேயே ஏறிக்கினு…" என்றாள் ஜமுனா.

"சிலபேரு கோயிலுக்குப் போறான். நான் இங்க போறேன்."

முன்சீட்டு வர்ணனை வேலை செய்தது. முன்பு வேகத்தை ரசித்தவர்கள் இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் சொல்லச் சொல்லத்தான் அவர்கள் கண்ணுக்குச் சாலை தெரிய ஆரம்பித்தது. பரத் போனை மறைத்துப் பார்த்தான். பிறகு வீம்புக்காகவே எடுத்துப் பேசினான். "இந்தக் கிழத்தால கை நடுங்குது" என்று டீக்கடையில் சொன்னதாகச் செய்தி வந்தது. அன்று தனசேகர் இரண்டு டீ குடித்தார்.

மார்கரெட்தான் ஒருநாள் சலித்துக்கொண்டாள். "அண்ணே, கொஞ்சம் வாய மூடிக்கினு வரமாட்டியா? நண்டே கூடையில சும்மா கீது."

"நண்ட கட்டி வெச்சிருக்க தங்கச்சி. என்னக் கட்டல."

அது நடந்தது ஒரு மத்தியானம், திரும்பி வரும்போது. சாலையில் ஒன்றுமில்லை. பரத் திடீரென்று பிரேக் அடித்தான். தனசேகரின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"பாத்துக்குங்க! ரோடு காலியா கீது, ஐயா பிரேக் அடிக்கிறாரு. தூக்கமாடா? இல்ல போன்ல எவளாவது கூப்ட்டாளா?"

பின்சீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டோவின் வலது முனையை உரசினாற்போல ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தலையில் விறகுக்கட்டு. ஆடிப்போய் நின்றாள். தனசேகர் தலையை முழுக்கத் திருப்பிய பிறகுதான் அவள் இருந்தாள். அதற்கு முன் அங்கே வெறும் சாலைதான் இருந்தது. சத்தியமாக வெறும் சாலைதான்.

பரத் அவரையே பார்த்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருக்கலாம். மெதுவாகச் சிரித்துவிட்டு கியரைப் போட்டான்.

அன்று சாயங்காலம் தனசேகர் ஏரிக்கரையில் உட்கார்ந்து எதிரே நின்ற படகையே பார்த்தபடி இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டினார். விரல் தெரிந்தது. வலக்கையை நீட்டினார். கை தோளோடு முடிந்துவிட்டது. விரலை ஆட்டிக்கொண்டே கையை முன்னால் கொண்டுவந்தார். மூக்குக்கு நேரே வரப்போகும்போதுதான் விரல் முளைத்தது. தெரியாத இடம் கறுப்பாக இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கறுப்பே இல்லை. ஏரியும் வானமும் தடையில்லாமல் நிரம்பியிருந்தன.

அப்படியென்றால் அன்று, கருவாட்டுக் கல்லிடம், பரத் பக்கத்தில்தான் வந்திருக்கிறான்.

அதற்காக அவர் பரத்தை மன்னிக்கவில்லை. கல்லிடம் முந்தியவன் முந்தியவன்தான். அவன் சொன்னது உண்மையாக இருந்ததற்காகக் கூடுதலாக வெறுத்தார்.

முன்சீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் எதையாவது சொல்லும் முன் வலப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னா பெர்சு, கோழி மாதிரி கழுத்தத் திருப்புற?" என்றான் பரத். ஓட்டியபடியே தன் வலது கையை நீட்டி விரலை ஆட்டிக் காட்டினான். "இது தெரியுதா?"

மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய்க் கண் மருத்துவரைப் பார்த்தார். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது என்றார் அந்த அம்மா. நேரே பார்ப்பது தெரியும், வலப்பக்க ஓரம் தெரியாது, வலி இருக்காது, அதனால் பலருக்குத் தெரியவே தெரியாது. மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான். "வண்டி ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். "ஓட்டினு இருந்தேன்" என்றார் தனசேகர்.

கண்ணில் விட்ட மருந்தில் உலகம் கலங்கித் தெரிய, பஸ் ஸ்டாண்டில் நின்றபோது சேதி வந்தது. ஒரு கையில் போனோடு பஸ்ஸை முந்தப்போன பரத், எதிரே லாரி வந்ததும் ஆட்டோவை வயலில் இறக்கிவிட்டான். ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. கட்டு அவிழ்ந்த நண்டெல்லாம் நாற்றுக்குள் ஓட, பெண்கள் சேற்றில் துரத்திக்கொண்டிருக்கிறார்களாம். யாரும் சாகவில்லை என்று தெரிந்த பிறகு தனசேகருக்கு இருந்த ஒரே வருத்தம், அத்தனை நாள் போய்விட்டு அன்று பார்த்து முன்சீட்டில் இல்லாமல் போனோமே என்பதுதான்.

மறுபடி வலைக்கூடம். அதே இடத்தில் பரத் நின்றான். நெற்றியில் பிளாஸ்திரி. தலை குனிந்திருந்தது. தனசேகர் நேர் எதிரே இடம் பிடித்திருந்தார். பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல அந்தக் குனிந்த தலையைப் பார்த்தார்.

"ரெண்டு பாட்டையும் எடுத்துக்கிறோம்" என்றார் தருமலிங்கம். "தனசேகரு, உன்னுது உனக்கே திரும்பிடுச்சு. வயசுன்னு சொல்லி அன்னிக்கு அவசரப்பட்டுட்டோம். நாளைக்குக் காலையில வண்டிய எடு."

இத்தனை காலம் சட்டைப்பையில் வைத்திருந்த சாவியைத் தனசேகர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மார்கரெட் எழுந்தாள். கோணல் கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு கேட்டாள். "அண்ணே, அன்னிக்கு வெறகு தூக்கினு ஒருத்தி நின்னாளே, நீ அவளப் பாத்தியா இல்லியா? ஏறப்போறவ நானு. சொல்லு."

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. பார்த்தேன், அவனை வம்புக்கு இழுக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்றால் போதும். நம்பிவிடுவார்கள். அவர் வாய் அப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். அவர் பதிலைத் தயாராகவும் வைத்திருந்தார்.

அப்போது பரத் தலையை நிமிர்த்தினான். உதட்டோரத்தில் அன்றைய சிரிப்பு. தொங்கிக்கொண்டிருந்த வலக்கையின் விரல்களை மட்டும் லேசாக ஆட்டினான்.

தனசேகருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவன் காத்திருப்பான். நான் ஏறி உட்கார்ந்து, என்றைக்காவது வலப்பக்கம் வருகிற ஒருத்தியை இடிப்பேன். மறுநாள் இதே இடத்தில் வந்து நின்று, அன்னிக்கே சொன்னேனே என்பான். என் பாடு மறுபடி அவனுக்குப் போகும். ஊரே அவன் சொன்னதுதான் சரி என்னும். அந்தச் சந்தோஷத்தை இந்தப் பயலுக்குக் கொடுப்பதைவிட ஏரியில் விழலாம்.

"பாக்கல" என்றார். "வலது பக்கம் எனக்குத் தெரியாது. டாக்டரே சொல்லிடுச்சு. எனக்குப் பாடு வேணாம்."

ஜமுனா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. நான் ஓட்டக்கூடாதுன்னா இவனும் ஓட்டக்கூடாது. எனக்குக் கண்ணுதான் போச்சு. இவனுக்கு எல்லாம் தெரியுது. தெரிஞ்சிக்கினே உடறான். இன்னும் வயசாவட்டும், அப்ப வந்து கேக்கட்டும்." சாவியை எடுத்து மார்கரெட்டின் கணவன் சாம்சன் பக்கம் நீட்டினார். நாற்பத்தைந்து வயது சாம்சன் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். "என் வண்டி, என் பாடு. இவன் ஓட்டட்டும்."

"எங்க ஊட்டுக்காரரா?" மார்கரெட் பதறிவிட்டாள். "அண்ணே, அது ஊர்ந்து போவும். பொன்னேரி போறதுக்குள்ள நண்டெல்லாம் செத்துடும்."

"சாவட்டும். நண்டுதானே."

கூட்டம் சிரித்தது. தருமலிங்கம் சரியென்று தலையாட்டினார். பரத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தனசேகர் அதை நேராகப் பார்த்தார்.

மறுநாள் காலை சாம்சன் தார்ப்பாயை உருவி வண்டியை ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தான். முன்சீட்டு காலியாக இருந்தது. தனசேகர் அதில் ஏறவில்லை. ஒதுங்கி நின்று காத்திருந்தார். பொன்னேரியில் மூட்டை தூக்கும் வேலைக்குக் கேட்டிருந்த பரத், வேறு வழியில்லாமல் வந்து பின்னால் ஏறி ஓரமாக உட்கார்ந்தான். உடனே தனசேகர் கூடைகளைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்து, முழங்கால் இடிக்க அவன் எதிரே உட்கார்ந்தார்.

"இன்னா மொறைக்கிற?" என்றான் பரத்.

"மொறைக்கல நைனா. எனக்கு நேரா மட்டும்தான் தெரியும்."

சாம்சன் மெதுவாக வண்டியை எடுத்தான். பொன்னேரிவரை தனசேகர் தலையைத் திருப்பவில்லை.