மார்ட்டினின் ரிவெர்ப் பெடல்

இன்று வாலாஜாபாத்தில் கல்யாணக் கச்சேரி.

எங்கள் கீபோர்டு மேதை மார்ட்டின் தாமதமாக வந்தான். அவனுடைய அனலாக் சிந்தசைசர் சூடேறும்வரை அதன் சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும்.

"டியூன் பண்ணிட்டு ஆரம்பிப்பா" என்றேன்.

"இன்னாத்துக்குண்ணா? ரிவெர்ப்ப ஃபுல்லா வச்சா எல்லாம் மறைஞ்சிடும்" என்று எதிரொலி சேர்க்கும் பெடலைக் காலால் தட்டினான்.

வெல்டிங் பிடிக்காத இடத்தில் பெயிண்ட் அடித்து லைனில் தள்ளிவிடும் புத்தி. பகலில் ஃபேக்டரியிலும் அதைத்தான் செய்கிறான்.

இரண்டாம் பாட்டில் பெடலின் பேட்டரி தீர்ந்து கீபோர்டின் சத்தமே நின்றது. பெடலைக் கழற்றிவிட்டு வயரை நேராகச் செருகினான். எதிரொலி இல்லாத அந்தச் சுருதியைக் கேட்டுப் பாடகி பாட்டையே நிறுத்திவிட்டார்.

பெண்ணின் அப்பா மைக்கை வாங்கினார். "பந்தி ரெடி, எல்லாரும் சாப்ட வாங்க."

கச்சேரி முடிந்தது. மார்ட்டின் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்: "யார்கிட்டனா பேட்டரி கீதா?"

பேட்டரி இருப்பவர்கள் சொல்லுங்கள். சுருதி இருப்பவர்கள் வேண்டாம், அவன் அதைத் தேடவில்லை.