உங்கள் அம்மா மாற்ற மறுத்த நம்பர்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தபோது நடந்ததைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். தம்பி, நீ உன் அம்மாவின் புதுப் போனில் கடைக்குப் பணம் கட்டுகிற வசதியைப் போட்டுக் கொடுத்தாய். எல்லாம் முடிந்ததும், "நாலு நம்பர் போடும்மா, உனக்கு மறக்காத நம்பரா போடு" என்று போனை அவள் கையில் கொடுத்தாய். அவள் சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு டிவி மேல் வைத்துவிட்டுப் போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள்.

"எம்மா, இன்னாமா ஆச்சு உனக்கு?" என்று நீ கேட்டாய்.

"உடுடா. ஒரு தடவ பட்டது போதாதா, பயந்துகினு கீது" என்றாய் பாப்பா, நீ.

பயம் இல்லை. கார்டு, மிஷின், போன் எதற்கும் பயப்படுகிறவள் இல்லை உங்கள் அம்மா. கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரூவை எல்லாம் கம்பெனியில் மாட்டிய கை அது. மறக்காத நம்பர் என்று சொன்னாயே, அது அவளிடம் இருக்கிறது. அதை வைக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அந்த இடத்தில் வேறு ஒன்றை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் உங்கள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வராது.

உங்களுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து இறந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நாங்கள் சொன்னதில்லை. 1991 ஆடி மாதம் பிறந்தாள். 1991 என்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆட்களுக்கு வேறு ஒன்றுதான் ஞாபகம் வரும். அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெயரை உலகமே சொன்னது. ஊரெல்லாம் போலீசாக இருந்த அந்தச் சமயத்தில் அவள் அம்மா வயிற்றில் இருந்தாள். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. பூந்தமல்லிக்கு ஆஸ்பத்திரி போகிற பஸ்ஸிலேயே, அம்மா மடியிலேயே அடங்கிவிட்டாள். அப்போதுதான் குப்புற விழ ஆரம்பித்திருந்தாள்.

போட்டோ இல்லை. உட்கார ஆரம்பித்ததும் ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போகலாம் என்று இருந்தோம். ரேஷன் கார்டில் பேர் சேர்க்கவில்லை. ஏரிக்கரை ஓரமாகத்தான் புதைத்தோம். பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் கம்பெனிகளுக்கென்று எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே கார் ஏற்றிப் போகும் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. எந்த இடம் என்று கேட்டால் என்னால் கை காட்ட முடியாது. அவள் பிறந்ததும் அந்த வருஷம், போனதும் அந்த வருஷம். வேறு எதுவும் மீதி இல்லை.

அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் அடுத்த பிள்ளை தங்காது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நாங்களும் பேசவில்லை. பிறகு நீங்கள் பிறந்தீர்கள். பேசாமல் இருந்தே பழகிவிட்டது.

நான் கம்பெனி பஸ் ஓட்டியது உங்களுக்குத் தெரியும். நீங்கள் பெரிய வகுப்புக்குப் போனபிறகு அம்மா செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் சேர்ந்தாள். என் வண்டியிலேயே, எனக்குப் பின் சீட்டில் வருவாள். சம்பளம் பேங்கில் போட்டார்கள், எல்லாருக்கும் கார்டு கொடுத்தார்கள். இருங்காட்டுக்கோட்டை தாண்டி ஒரு ஏடிஎம் இருந்தது. பெங்களூரு ரோட்டில் பஸ்ஸை அதிக நேரம் நிறுத்த முடியாது, பின்னால் லாரிக்காரன் ஹாரனை வைத்து அழுத்துவான். அதனால் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எல்லார் கார்டையும் வாங்கிக்கொண்டு ஒருத்தி மட்டும் இறங்குவாள். கம்பெனியில் இவர்கள் வரிசைக்கு மேற்பார்வை அவள்தான், லைன் லீடர். வாய் கொஞ்சம் பெரிசு, மனசும் பெரிசு. நம்பரை எல்லாம் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள்.

"டிரைவர்ணா, ஓரம் கட்டு! சம்பளம் ஏறிடுச்சாம்!"

"சீக்கிரம் வரல, வண்டிய எடுத்துகினு பூடுவேன்" என்பேன்.

"எடுத்துதான் பாரேன், உன் பொண்டாட்டி கார்டும் என் கையிலதான் கீது!"

பஸ் முழுக்கச் சிரிக்கும். ஆளாளுக்கு ஜன்னல் வழியாகக் கார்டை நீட்டி நம்பரைக் கத்துவார்கள்.

"யக்கா, எனக்கு நாலு சைபர்!"

"நாலு சைபரா? உன் மண்டையில கீறதையே வச்சிகினியா?"

"என்னுது என் ஆளு வண்டி நம்பரு."

"எந்த ஆளு? போன மாச ஆளா, இந்த மாச ஆளா?"

முதல் சம்பளத்தன்று அந்தக் கூச்சலுக்கு நடுவில் என் முதுகுக்குப் பின்னால் உங்கள் அம்மாவின் குரல் கேட்டது. "பத்தொம்போது தொண்ணூத்தொண்ணு."

"இன்னாமே, கல்யாண வருஷமா? குடுத்து வச்ச ஆளு டிரைவர்ணா நீ!" என்றாள் லைன் லீடர்.

எங்களுக்குக் கல்யாணம் நடந்தது அதற்கு முந்தின வருஷம். நான் கண்ணாடியில் பார்த்தேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை. எங்கள் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்றை இத்தனை பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டு, பை மேல் கையை வைத்துக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள். லைன் லீடர் ஓடி வந்து ஏறினாள், வண்டியை எடுத்தேன்.

பிறகு கடைகளில் கார்டு தேய்க்கிற மிஷின் வந்தது. நம் தெரு முனையில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சியும் ஒன்று வாங்கி வைத்தார். மிஷினின் ஒயர் குட்டை. கல்லாவைத் தாண்டி நம் பக்கம் வராது. அதனால் எல்லாருமே நம்பரைச் சொல்லுவோம், அவர் அழுத்துவார். அது தப்பு என்று அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"நம்பரச் சொல்லுங்கம்மா" என்பார் அண்ணாச்சி.

"ஒண்ணு, ஒம்போது, ஒம்போது, ஒண்ணு" என்று அம்மா சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாள்.

"மெதுவாச் சொன்னாப் போதும் தாயி. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு."

"மெதுவா சொல்றதுக்கு அது இன்னா திருட்டுப் பொருளா?"

சோப்பு வாங்கப் போனாலும் கார்டை எடுத்துப் போவாள். "இம்புட்டுத் தொகைக்கெல்லாம் தேய்க்க முடியாதும்மா" என்று அவர் சொன்னால், வீட்டில் இருக்கிற எண்ணெயையே இன்னொரு பாக்கெட் எடுத்து வைப்பாள். ஒரு தடவை கடையிலிருந்து திரும்பும்போது நான் சொன்னேன்: "ரோட்டுல போறவனுக்கெல்லாம் கேக்குற மாதிரி சொல்லாத."

"கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "வேற யாரு கேக்கறாங்க?" என்றாள்.

அவள் சொல்வது நம்பரை அல்ல என்று எனக்குப் புரிந்தது. மாதத்துக்கு ஒரு தடவை பஸ்ஸிலும், அவ்வப்போது கடையிலும், அவளைப் பார்த்து ஒரு ஆள் கேட்கிறார். அவள் பெரிய மகளைச் சொல்கிறாள்.

பணம் போன நாளைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் தெரியும். கம்பெனிக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறி அம்மா போனை ஆன் பண்ணினாள். மெசேஜ் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் லைன் லீடரிடம் நீட்டினாள்.

"அடியே, உன் பணத்த யாரோ எடுத்துகினே கீறாங்க! கார்டு எங்க?"

கார்டு அம்மாவின் பர்ஸில்தான் இருந்தது. வடக்கே ஏதோ ஒரு ஊர் மிஷினில் எடுத்திருந்தார்கள். காலையில் ஆரம்பித்து, மிச்சம் ஏதும் இல்லாமல் ஆகும்வரை எடுத்திருந்தார்கள். பாப்பா, உன்னை நர்சிங் சேர்க்க வைத்திருந்த பணம் அது. பின் சீட்டிலிருந்து ஒருத்தி, யாரும் கேட்காமலேயே, "நான் இல்லப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தையோடு அந்த பஸ்ஸின் சிரிப்பு போய்விட்டது.

மறுநாள் பேங்குக்குப் போனோம். சின்ன வயசுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரி.

"எங்கயோ தேய்க்கும்போது உங்க கார்டைக் காப்பி எடுத்திருக்காங்கம்மா. ஆனா நம்பர் தெரியாம பணம் எடுக்க முடியாது. யார்கிட்டயாவது நம்பரைச் சொன்னீங்களா?"

"கேட்டவங்க எல்லாருக்கும் சொன்னேன்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாருக்குமா?"

"ஆமா. பத்தொம்போது தொண்ணூத்…"

"ஐயோ, என்கிட்டயும் சொல்லாதீங்கம்மா! வருஷமா அது? பொறந்த வருஷத்தைத்தான் திருடன் முதல்ல போட்டுப் பார்ப்பான். யாரோடது?"

"பெரிய பொண்ணோடது."

"அவங்களைக் கூட்டிட்டு வாங்கம்மா. படிச்ச பொண்ணா இருந்தா இதெல்லாம் புரிஞ்சுக்குவாங்க. உங்களுக்கும் சொல்லிக் குடுப்பாங்க."

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். "அவளால வர முடியாதுங்க" என்று நான் சொன்னேன். அந்தப் பெண் வெளியூர் என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டிக்கொண்டு மேலே சொன்னார். புகார் எழுதித் தரலாம், ஆனால் நம்பரை நாமே சொன்னதால் பணம் வருவது கஷ்டம். புதுக் கார்டு வரும், புது நம்பர் வைக்க வேண்டும், வருஷம் மட்டும் வேண்டாம்.

"அப்ப பழைய நம்பரு?" என்று கேட்டாள் அம்மா.

"அதை மறந்துடுங்கம்மா" என்றார் அந்தப் பெண். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் வேலை அது.

புதுக் கார்டு வந்தது. நம்பர் வைக்க ஏடிஎம்முக்குக் கூட்டிப் போனேன். நான் வெளியே நின்றேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. திரையில் நாலு கட்டம், அதன் எதிரில் இவள். விரலைத் தூக்குவாள், இறக்குவாள்.

"எம்மா, உள்ள இன்னா சோறா ஆக்கற? கதவத் தொற!" என்று வரிசையில் நின்ற ஒருவன் கத்தினான். அவள் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"போட்டியா?"

"போடல."

"மனசு கேக்கலன்னா அதையே போட வேண்டியதுதானே?"

"அத வச்சதாலதானே பணம் பூடுச்சு. பாப்பா படிப்பு நின்னுச்சு. பெரியவளால சின்னவளுக்கு நஷ்டம்னு மறுபடி ஒரு பேச்சு வரக் கூடாது."

"அப்ப வேற எதனா போடேன்."

"வேற எத போடறது?" என்று என்னையே கேட்டாள். என் வண்டி நம்பரைச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அன்றிலிருந்து கார்டு இல்லாமலேயே இருக்கிறாள். பணம் வேண்டுமென்றால் அரை நாள் பெர்மிஷன் போட்டு பேங்கில் வரிசையில் நின்று, ஸ்லிப் எழுதிக் கொடுத்து வாங்கினாள். பஸ்ஸிலும் எல்லாம் மாறியது. சம்பளத்தன்று ஒவ்வொருத்தியாக இறங்கி, துப்பட்டாவால் கையை மூடிக்கொண்டு நம்பர் அழுத்தினார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். லைன் லீடர் கடைசி ஆளாக இறங்கி, யாரையும் பார்க்காமல் ஏறுவாள். உங்கள் அம்மா சீட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள்.

நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது சரிதான். நீங்களும் சொல்லாதீர்கள், பெற்றவர்களிடம்கூட வேண்டாம். பிறந்த வருஷமும் வைக்காதீர்கள். அதில் எனக்கு மாற்றுப் பேச்சு இல்லை. பாப்பா, உன் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போன கோபத்தில் அப்போது நீ அம்மாவை "தமுக்கடிச்சு சொன்னியே" என்று கேட்டாய். உனக்குத் தெரியாது, அதனால் கேட்டாய். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

போன ஞாயிறு நீங்கள் பஸ் ஏறிப் போனபிறகு அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "மறக்காத நம்பரு கேக்கறான் பாத்தியா."

"ம்."

"அவ எந்த வருஷம்னு அதுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அப்புறம் உன் பழைய சட்டை ஒன்றை, தம்பி, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது."

அதனால்தான் எழுதிவிட்டேன். போன் இன்னும் டிவி மேல்தான் கிடக்கிறது, நான் எடுக்கவில்லை. அடுத்த தடவை வரும்போது நம்பர் கேட்காதீர்கள். அக்காவைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பக்கமாகக் குப்புற விழுந்தாள், யார் குரல் கேட்டால் திரும்புவாள், முடி எப்படி இருந்தது என்று கேளுங்கள். அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். எனக்கு இப்போது முகமே சரியாக வரவில்லை. நீங்கள் கேட்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.